ராக்கெட் விடட்டும், மருந்தைத் தொட வேண்டாம்!

தீபாவளிக்கு மறுநாள் ஆஸ்பத்திரி தீக்காய வார்டுக்குப் போய்ப் பாருங்கள். கையில் கட்டு, முகத்தில் கட்டு என்று பையன்கள் படுத்துக் கிடப்பார்கள். "எப்படிடா ஆச்சு?" என்று கேட்டால், சில பயல்கள் சொல்லும் பதில் திடுக்கிட வைக்கும். "வெடியைப் பிரிச்சு, மருந்தைக் கொட்டி, பைப்புல அடைச்சு ராக்கெட் விட்டோம் சார்!"

உடனே பெரியவர்கள், "இந்த ராக்கெட் பைத்தியத்தை ஒழிக்கணும்" என்கிறார்கள். அது தப்பு. ஒழிக்க வேண்டியது ஆசையை அல்ல. வீட்டில் மருந்து கலப்பதை!

செருப்புக்கடைக்காரர் காட்டிய வழி

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்தது. 1957 அக்டோபர் 4-ந்தேதி ரஷியா ஸ்புட்னிக்கை விண்ணில் விட்டது. அவ்வளவுதான்! அமெரிக்கப் பையன்களுக்கு ராக்கெட் வெறி பிடித்தது. வீட்டிலேயே மருந்து கலந்தார்கள். இரும்புக் குழாயில் திணித்தார்கள். குழாய் வெடித்தது. விரல் போனவர்கள் உண்டு. உயிர் போனவர்களும் உண்டு.

இதற்கு வழி கண்டவர் யார் தெரியுமா? நெப்ராஸ்கா மாநிலத்து நார்போக் நகரில் செருப்புக்கடை நடத்திய ஆர்வில் கார்லைல். 1954-லேயே காகிதக் குழாயில் ராக்கெட் செய்து விட்டார். மருந்தை அடைத்த சின்ன மோட்டாரைச் சொருக வேண்டியது. எரிந்ததும் கழற்றி எறிந்து விட்டு வேறு போட வேண்டியது. ராக்கெட் பாராசூட்டில் இறங்கும்.

ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் இதைப் பிடித்துக்கொண்டார். பாதுகாப்பு விதிகளை வகுத்தார். டென்வர் நகரத்து வெர்னன் எஸ்டஸ், மோட்டார்களை அடைக்க ஒரு எந்திரமே செய்தார். 1959-ல் ஓடத் தொடங்கிய அதற்கு 'மேபல்' என்று செல்லப் பெயர்! ஆக, மருந்து வேலை தொழிற்சாலைக்குப் போயிற்று. குழாயும், இறக்கையும், பாராசூட்டும் பையன் கைக்கு வந்தன.

புதிதாகச் செய்பவர் கவனிக்க!

பெட்டியில் காகிதக் குழாய், மூக்கு, பால்சா மர இறக்கை, பாராசூட் எல்லாம் இருக்கும். இறக்கையை நேராக ஒட்டுவதுதான் முக்கிய வேலை. கோணலாக ஒட்டினால் ராக்கெட் கன்னாபின்னா என்று பறக்கும்.

மோட்டார் மீது 'ஏ8-3' என்று போட்டிருக்கும். 'ஏ' என்பது மொத்த சக்தி. அடுத்த எழுத்து 'பி' என்றால் அதைப்போல் இரு மடங்கு வரை. 8 என்பது சராசரி உந்து விசை. 3 என்றால், மருந்து எரிந்து முடிந்து 3 விநாடி கழித்து பாராசூட் வெளியே தள்ளப்படும்.

முதல் நாளே பெரிய மோட்டார் போட்டு ஊரை அசத்த நினைப்பவன் ராக்கெட்டைத் தொலைத்து விட்டுத்தான் வீடு திரும்புவான். சின்னதில் தொடங்குகிறவனே கெட்டிக்காரன்.

விதிகள் கறாரானவை. குழாய், மூக்கு, இறக்கை எதிலும் உலோகம் கூடாது. தீக்குச்சி கூடாது, பேட்டரி, ஒயர் வைத்துத்தான் பற்ற வைக்க வேண்டும். சின்ன மோட்டார் என்றால் 15 அடி, பெரியது என்றால் 30 அடி தள்ளி நிற்க வேண்டும். பற்றாமல் போனால், பேட்டரியைத் துண்டித்து விட்டு 60 விநாடி யாரும் கிட்டே போகக் கூடாது. மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் விட்டு விட வேண்டும்!

தண்ணீரும் பறக்கும்

"அந்த மோட்டாருக்கு நான் எங்கே சார் போவேன்?" என்று கேட்கும் பையனுக்கும் பதில் இருக்கிறது. பிளாஸ்டிக் சோடா பாட்டில், கொஞ்சம் தண்ணீர், சைக்கிள் பம்ப் போதும். அடைத்த காற்று தண்ணீரைக் கீழே தள்ள, பாட்டில் மேலே சீறும். துளி மருந்து வேண்டாம். இதற்கும் தள்ளி நின்று கயிறு இழுத்துத்தான் விட வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மைதானத்தைத் திறந்து விடட்டும். விஞ்ஞான வாத்தியார் ஒருவர் முன்னால் நிற்கட்டும். செலவு அதிகமில்லை. அடித்து அடக்கினால் பயல் மொட்டை மாடிக்குப் போய்த் திருட்டுத்தனமாக மருந்து கலப்பான். அங்கே அவனைத் தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்!