வாடகைக்கு வீடு மறுப்பது என்ன நியாயம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அறிவுசார் குறைபாடு உள்ள என் தம்பிக்கும் அவனுடைய நண்பனுக்கும் மதுரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு வீடு பேசி முடித்திருந்தோம். வீட்டுக்காரர் சம்மதித்தும், குடியிருப்போர் சங்கம் குறுக்கே நின்றது. "கேஸைத் திறந்து விட்டுவிட்டால் யார் பொறுப்பு?" என்றார்கள். முறையிடப் போன அலுவலகத்தில், "எதற்கம்மா இந்த வம்பு? நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்களேன்" என்றார்கள். இரண்டு பதிலையும் கண்டித்தே இதை எழுதுகிறேன்.

தம்பிக்கு 36 வயது. எங்கள் வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான். நேரம் முடிந்தால் தானே அணைந்துவிடும். சுவரில் ஒட்டிய படங்களைப் பார்த்துப் பார்த்துச் சமைப்பான்: அரிசி ஒரு டம்ளர், தண்ணீர் இரண்டரை, மூன்று விசில். பால்காரருக்கான பணத்தை மாதம் பிறந்ததும் தனிக் கவரில் எடுத்து வைத்துவிடுவான். வங்கிக்கும் மருத்துவமனைக்கும் போக மட்டும் கூட ஆள் வேண்டும். காலையும் மாலையும் ஓர் உதவியாளர் வந்துபோனால் குடித்தனம் நடக்கும். இதையெல்லாம் சங்கத்தில் சொன்னோம்; காதில் வாங்குவாரில்லை.

இல்லங்களில் அக்கறையாகப் பார்த்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் எத்தனை மணிக்கு எழுவது, ஞாயிற்றுக்கிழமை மீனா கோழியா, அறைக்கதவைத் தாழிடலாமா என்பதை அங்கே இன்னொருவர் முடிவு செய்கிறார். பிறர் கைத்தாங்கலில் நடப்பவனும் போகுமிடத்தைத் தானே தீர்மானிக்கலாம். தம்பி கேட்பது அதைத்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதை உரிமையாகவே சொல்கிறது. அதன் 5ஆம் பிரிவின்படி, ஊரோடு சேர்ந்து வாழ அவர்களுக்கு உரிமை உண்டு. இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதபடியும், தனி உதவியாளர் உள்ளிட்ட சேவைகள் கிடைக்கும்படியும் அரசு முயல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்து 2007இல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவும் இதையே வலியுறுத்துகிறது. நடக்காத காரியமும் அல்ல. மனநல மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்த பெண்களைச் சென்னையின் 'பேன்யன்' அமைப்பு 2015 முதல் வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடியமர்த்தி, உதவிக்கு ஆளும் போட்டிருக்கிறது. அவர்கள் கடைக்குப் போகிறார்கள், அக்கம்பக்கத்தோடு பழகுகிறார்கள்.

தடையாக இருப்பது பணம் போகும் வழி. இல்லம் நடத்தும் அமைப்புக்கு அரசு மானியம் தருகிறது. சொந்தமாகக் குடித்தனம் நடத்த விரும்புகிறவருக்கோ, மாதந்தோறும் கிடைக்கும் பராமரிப்பு உதவித்தொகையில் அரைநேர உதவியாளருக்குக்கூடச் சம்பளம் கட்டுப்படியாகாது. "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்று மருகும் பெற்றோர், வேறு வழி தெரியாமல் இல்லத்து வாசலில் போய் நிற்கிறார்கள்.

எனவே, இல்லத்தில் ஒருவருக்கு ஆகும் செலவுக்கு ஈடான தொகையை, அவர் எங்கே குடியிருந்தாலும் உதவியாளர் சம்பளமாக அரசு வழங்க வேண்டும். மாவட்டந்தோறும் பயிற்சி பெற்ற உதவியாளர் பட்டியல் வேண்டும். குறைபாட்டைக் காட்டி வீடு மறுக்கும் சங்கங்கள் மீதான புகாரை, புகார் கொடுத்தவருக்கே புத்திமதி சொல்லித் திருப்பி அனுப்பாமல், மாவட்ட நிர்வாகம் விசாரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.