வாளைக் கண்டு வம்சம் சொல்லலாமா?

ஐரோப்பாவிலுள்ள ஆல்ப்ஸ் மலைகளில், இன்று டிரோல், டிரென்டினோ என்று வழங்கும் பகுதிகளில், முற்காலத்தில் ரேட்டியர் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். கி.மு. 15-ல் ரோமர் படை அவர்களை அடக்கிற்று. இந்த ரேட்டியர் கெல்டியரா அல்லவா என்பது நெடுங்கால வழக்கு.

கெல்டியரே என்றவர்கள் காட்டிய ருஜு என்ன? அம்மலைப் பள்ளத்தாக்குகளில் தோண்டியெடுத்த வாள்களும், துணி மாட்டும் ஊக்குகளும் கெல்டியப் பாணியில் இருக்கின்றனவாம். இருப்பது மெய்தான். 1857-ல் சுவிட்சர்லாந்தில் லா தேன் என்ற ஏரிக்கரையில் அகப்பட்ட கெல்டியச் சாமான்களின் சாயல் அவற்றில் உண்டு. ஆனால் நாம் கேட்கிறோம்: வாளை வாங்கினவன் வம்சத்தையும் சேர்த்தா வாங்கினான்?

நிற்க, பாஷையைப் பார்ப்போம். ரேட்டியர் வெண்கலத்திலும் கல்லிலும் பொறித்த சிறு வாசகங்களை ஆராய்ந்த ஹெல்முட் ரிக்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், அப்பாஷை கெல்டியமன்று, இத்தாலியின் பழைய எட்ருஸ்க பாஷைக்கு உறவு என்று 1998-ல் எடுத்துக் காட்டினார்.

அப்படியானால் எட்ருஸ்கரின் சந்ததி என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் அவசரமே. காலியர் துரத்த, ரேட்டஸ் என்ற தலைவனோடு மலையேறிய எட்ருஸ்கரே ரேட்டியர் ஆனார்கள் என்று ரோமாபுரிப் பிளினி எழுதி வைத்தார். ஜாதிக்கு ஒரு பெயரிருந்தால் அந்தப் பெயரிலேயே ஒரு மூதாதையைச் சிருஷ்டிப்பது எந்நாட்டுப் புராணிகருக்கும் கைவந்த வித்தை. பாஷையின் உறவு இந்தக் கதைக்கு ருஜுவாகாது.

மேற்கே, லுகானோ ஏரிப் பக்கம் இருந்த லெப்போன்டியரைப் பாருங்கள். அவர்கள் பேசியது கெல்டிய பாஷை. எழுதியதோ எட்ருஸ்கரிடமிருந்து வந்த எழுத்து! கிழக்கே எட்ருஸ்க உறவுப் பாஷை பேசினவன் கெல்டிய வாளைப் பிடித்தான்; மேற்கே கெல்டிய பாஷை பேசினவன் எட்ருஸ்க எழுத்தைப் பிடித்தான். இதில் யாருடைய ரத்தத்தை எங்கே கண்டுபிடிப்பது?

இது வெறும் பண்டிதர் சண்டையன்று. சாமான் பரவிய எல்லையே ஜாதியின் எல்லை என்று 1911-ல் குஸ்தாவ் கோசின்னா ஜெர்மனியில் சாதித்தார். அவர் முறையைத்தான் 1933-ல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் தங்கள் ரத்தப் பெருமைக்கும் மண்ணாசைக்கும் ஆதாரமாகத் தூக்கிப் பிடித்தார்கள். அதன் விளைவை உலகம் அறியும்.

ஆகவே, ரேட்டியர்மீது கெல்டியர் செல்வாக்கு இருந்ததா என்றால், இருந்தது. அது பட்டறையிலும் சந்தையிலும் வந்த செல்வாக்கு; பிறப்பால் வந்தது என்பதற்கு வாள் சாட்சியாகாது. நல்ல கருவியைக் கண்டால் பக்கத்துப் பள்ளத்தாக்கான் செய்ததாயிற்றே என்று தள்ளாமல் எடுத்துக்கொண்டார்கள். அந்த மலைவாசிகளுக்கு இருந்த புத்தி, அவர்களுக்கு வம்சாவளி எழுதப் புறப்பட்ட பண்டிதர்களுக்கு இருந்திருக்கக் கூடாதா?