கம்பளிக்காரரின் முகடும் நமது பெருமைப் பட்டியலும்

நமது சமூகத்திலிருந்து வெளிவரும் மலர்களையும் சஞ்சிகைகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மீலாத் மலராகட்டும், பாடசாலை ஆண்டு மலராகட்டும், ‘விஞ்ஞானத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பு’ என்றொரு கட்டுரை அதில் தப்பாமல் இருக்கும். அல்ஜிப்ரா தந்தவர் அல்குவாரிஸ்மி, ஒளியியல் தந்தவர் இப்னுல் ஹைதம், மருத்துவம் தந்தவர் இப்னு ஸீனா என்று பெயர்கள் வரிசையாக வரும். கடைசிப் பந்தியில் அந்தப் பொற்காலம் மீண்டும் மலர வேண்டும் என்ற பிரார்த்தனை வரும். இந்தக் கட்டுரையை நானும் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். ஆகவே என்னையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன்.

என் வாதம் இதுதான். ஒரு சமூகம் அறிவை மதிக்கிறதா என்பதை அது ஒப்புவிக்கும் பெயர்ப் பட்டியலை வைத்து அளக்க முடியாது. தன் நடுவே வாழ்ந்த, பட்டம் எதுவும் பெறாத, கைத்தொழில் செய்து பிழைத்த அறிவாளியின் வீட்டையும் கருவியையும் அது என்ன செய்தது என்று பார்த்தே அளக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் நாம் தோற்றுப்போகிறோம். அதைக் காட்டுவதற்கு ஓர் ஒல்லாந்துக்காரரின் வீட்டுக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

நெதர்லாந்தின் வடக்கே பிரீஸ்லாந்து மாகாணத்தில் பிரானெக்கர் என்று ஒரு சிறு நகரம். அங்கே வாழ்ந்தவர் எய்சே எய்சிங்கா. 1744இல் பிறந்தவர். தந்தையைப் போலவே கம்பளி மயிர் சீவுவது அவருக்குத் தொழில். மன்சூர் ஹல்லாஜ் அவர்களின் பெயரில் உள்ள ‘ஹல்லாஜ்’ என்ற சொல் பஞ்சு கடைபவரைக் குறிப்பது என்பதை நமது வாசகர்கள் அறிவார்கள். ஏறக்குறைய அதே தொழில்தான். ஆரம்பப் பாடசாலைக்கு மேல் அவர் படிக்கவில்லை. ஆனால் கணிதத்தில் தீராத பசி. பதின்ம வயதிலேயே அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கணித நூலொன்றைத் தம் கைப்பட எழுதி முடித்துவிட்டார்.

1774 மே மாதம் 8ஆம் திகதி புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் ஆகிய கோள்களும் சந்திரனும் வானத்தில் ஒன்றை ஒன்று நெருங்கி நிற்கவிருந்தன. அவை பூமியைத் தன் பாதையிலிருந்து இழுத்துவிடும், பூமி சூரியனில் போய் விழும் என்ற பொருள்பட ஒரு கிறிஸ்தவப் போதகர் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். ஊரெல்லாம் பீதி பரவியது. அந்தப் பீதியைத் தணிக்கவே எய்சிங்கா தமது வேலையைத் தொடங்கினார் என்பது இன்றுவரை சொல்லப்பட்டு வரும் கதை. குறித்த நாள் வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. எய்சிங்காவின் வேலை மட்டும் மேலும் ஏழு வருடங்கள் நடந்தது.

அவர் செய்தது என்ன? தாமும் மனைவி மக்களும் உண்டு உறங்கிய அறையின் முகட்டிலே சூரிய குடும்பத்தை அமைத்தார். நீல வர்ணம் பூசிய பலகை முகடு. நடுவிலே சூரியன். அதைச் சுற்றி வெட்டப்பட்ட வட்டப் பாதைகளில் புதன் முதல் சனி வரையான ஆறு கோள்கள் தொங்குகின்றன. பத்து இலட்சம் கிலோமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்பது அளவு. அதன்படி சூரியனிலிருந்து பூமி 15 சென்ரிமீற்றர் தூரத்திலும் சனி ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் தூரத்திலும் நிற்கின்றன. கோள்கள் தத்தம் உண்மையான வேகத்திலேயே சுற்றுகின்றன. புதன் 88 நாட்களில் ஒரு சுற்று முடிக்கிறது. பூமிக்கு ஒரு வருடம் செல்கிறது. சனிக்கு இருபத்தொன்பதரை வருடம். அது வேலை செய்யத் தொடங்கிய 1781 முதல் எண்ணினால் சனி இதுவரை எட்டுச் சுற்று முடித்து ஒன்பதாவதில் நிற்கும்.

இத்தனையையும் இயக்குவது ஓர் ஊசல் கடிகாரம். முகட்டுக்கு மேலே மரச் சக்கரங்கள். அவற்றின் பற்கள் கொல்லன் அடித்த ஆணிகள், ஆயிரக்கணக்கில். சந்திரனின் பிறை வளர்வதையும் தேய்வதையும், சூரியன் உதிக்கும் மறையும் நேரங்களையும் காட்ட வேறு முகப்புகள் உண்டு. நெட்டாண்டு வரும்போது கையால் ஒரு சிறு திருத்தம் செய்ய வேண்டும். அதைவிட, தமக்குப் பின் இதை எப்படிப் பராமரிப்பது, எங்கே எதைத் திருத்துவது என்று பிள்ளைகளுக்காக விளக்கமாக எழுதியும் வைத்தார் அந்த மனிதர். இந்த ஒரு விடயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வருவேன்.

‘நம் கரையோரத்தை ஆண்டு நம்மை நசுக்கிய ஒல்லாந்தனுக்கு இத்தனை புகழாரமா?’ என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. எய்சிங்கா தமது சக்கரங்களுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில் கொழும்பும் காலியும் ஒல்லாந்தக் கம்பனியின் கையில்தான் இருந்தன. ஆனால் அந்த ஆட்சியாளர் எய்சிங்காவையும் விட்டுவைக்கவில்லை. ஐந்தாம் வில்லியத்தின் ஆட்சியை எதிர்த்த அணியில் இருந்தமைக்காக 1787இல் அவர் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. 1791இல் பிடிபட்டுச் சிறையிருந்தார், மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று விலக்கியும் வைக்கப்பட்டார். 1795இல் அதே வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, இலங்கையின் ஒல்லாந்தக் கோட்டைகளைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்குமாறு அங்கிருந்து கடிதங்கள் எழுதினார். அந்த வீழ்ச்சிக்குப் பின்னரே எய்சிங்கா தமது வீட்டுக்குத் திரும்ப முடிந்தது. நம் கரையோரத்தின் எஜமான் மாறியதும் அந்தக் கம்பளிக்காரர் வீடு திரும்பியதும் ஒரே ஆட்சியாளரின் வீழ்ச்சியால் நேர்ந்தவை.

அடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஐந்தாம் வில்லியத்தின் மகன் முதலாம் வில்லியம் மன்னரானார். 1818இல் அந்த வீட்டுக்கு வந்து பார்த்தார். 1825இல் அரசு அதை விலைக்கு வாங்கியது. தந்தையின் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவனின் வீடு என்று மகன் அதை இடிக்கவில்லை. 1828இல் எய்சிங்கா மறைந்தார். 1859இல் அரசு அந்த வீட்டை நகரத்துக்கே கையளித்தது. பிரானெக்கரில் 1585இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்றும் இருந்தது. அதன் பேராசிரியர்களில் ஒருவரான வான் ஸ்விண்டன் கம்பளிக்காரரின் வீட்டுக்கு நடந்து வந்து பார்த்து, அதைப் பற்றி 1780இல் நூலே எழுதினார். நெப்போலியன் காலத்தில், 1811இல், அந்தப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. வீடு இன்றும் திறந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. அந்த முடிவை எடுத்த கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? சவூதி அரேபியாவின் றியாதில்.

‘இதெல்லாம் நம்மிடம் எப்போதோ இருந்தது’ என்பார்கள் பட்டியல்காரர்கள். இருந்தது, மறுக்கவில்லை. இஸ்தான்பூலில் தகியுத்தீன் 1577இல் பெரியதொரு வானாய்வு நிலையம் அமைத்தார். அது 1580இல் சுல்தானின் கட்டளையாலேயே இடிக்கப்பட்டது. இடித்தவன் சிலுவைப் போர்வீரனோ மங்கோலியனோ அல்லன். ஸமர்கந்தில் உலுக் பேக்கின் வானாய்வு நிலையம் 1449இல் அவர் கொல்லப்பட்ட பின் பாழடைந்து மண்ணுள் மறைந்தது. 1908இல்தான் அதன் அடித்தளத்தைத் தோண்டி எடுத்தார்கள். நமது கட்டுரைகளில் இவர்களின் பெயர்கள் இருக்கும், இந்த முடிவுகள் இரா. கட்டியதைப் பாடுகிற நாம், இடித்ததைப் பற்றி வாய் திறப்பதில்லை.

‘எய்சிங்கா எதைக் கண்டுபிடித்தார்? அது வெறும் விளையாட்டுப் பொருள்தானே’ என்று வேறு சிலர் கேட்பர். உண்மை, அவர் புதிய கோள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் வேலையை முடித்த அதே 1781இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹேர்ஷல் என்ற இசைக்கலைஞர் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அவரும் வானியலைத் தாமாகவே கற்றவர்தான். எய்சிங்காவின் முகட்டில் யுரேனஸ் இல்லை. அவருடைய அளவின்படி அதைச் சூரியனிலிருந்து ஏறக்குறைய மூன்று மீற்றர் தள்ளி வைக்க வேண்டும், அதற்கு அந்த அறை போதாது. ஆயினும் குறையுள்ள அந்த முகட்டை அந்த ஊர் காத்தது. பயந்து போன அயலவன் ஒருவன் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தால் கோள்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று தன் கண்ணாலேயே காணலாம். அச்சத்துக்கு மருந்தாக அறிவைக் கொடுப்பது என்பது இதுதான்.

இந்த மருந்து நமக்குப் புதியதுமல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தை இப்றாஹீம் வபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனையோ சந்திரனையோ கிரகணம் பிடிப்பதில்லை, அவை இறைவனின் அத்தாட்சிகள் என்று, பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்திலும் அன்னார் திருத்தினார்கள். இதைவிடப் பெரிய பாடம் வேறென்ன வேண்டும்? ஆனால் 2019 டிசம்பர் 26ஆம் திகதி வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது நம் கரையோரக் கிராமத்தில் என்ன நடந்தது? சுனாமி வந்து சரியாகப் பதினைந்து வருடம் முடிந்த நாள் அது. கடல் மறுபடியும் வரும் என்று கைத்தொலைபேசிகளில் செய்தி பரவியது. கடலோர வீடுகள் சிலவற்றில் சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை நடந்தது, அது நல்லது. ஆனால் சந்திரன் எங்கே நிற்பதால் இது நிகழ்கிறது என்று ஒரு பிள்ளைக்காவது நிழலைக் காட்டி விளக்க யாரும் முன்வரவில்லை. பாடசாலை விடுமுறை என்று நானும் வீட்டில்தான் இருந்தேன்.

எங்களூரில் அதை விளக்கக்கூடிய ஒருவர் முன்னர் இருந்தார். பள்ளிவாசல் மோதினார். எழுத்தறிவு மிகக் குறைவு. பள்ளி முற்றத்தில் ஒரு கல்லும் அதன் நடுவே ஓர் இரும்புக் கம்பியும் இருந்தன. நாங்கள் அதை நிழல் கல் என்போம். கல்லின் மேல் அவரே செதுக்கிய கோடுகள். நிழல் மிகவும் குறுகி மறுபக்கம் சாயத் தொடங்கினால் ளுஹர். அந்த உச்சி நிழல் போக மீதி நிழல் கம்பியின் நீளத்தை எட்டினால் அஸர். மாதத்துக்கு மாதம் உச்சி நிழல் ஏன் தெற்கேயும் வடக்கேயும் மாறுகிறது என்பதைக் குச்சியால் மண்ணில் கீறிக் காட்டுவார். பிற்காலத்தில் கலாசாலையில் விரிவுரையாளர் அதே விடயத்தைக் கரும்பலகையில் வரைந்தபோது எனக்கு முன்பே தெரிந்திருந்ததற்குக் காரணம் அவர்தான். திமிஷ்க் உமையா பள்ளிவாசலின் நேரக்கணிப்பாளர் இப்னுஷ் ஷாத்திரும் இளமையில் தந்த வேலைப்பாடு கற்ற ஒரு தொழிலாளிதான். 1371 அளவில் அவர் செய்த நிழற்கடிகாரத்தைப் பட்டியல்களில் படித்து வியக்கிறோம். ஆனால் அதே பணியை நம் முற்றத்தில் செய்தவரைச் சம்பளம் குறைந்த வேலைக்காரராகவே நடத்தினோம்.

மோதினார் மௌத்தானார். பள்ளிவாசல் மாபிளில் புதிதாக எழும்பியது. இருந்த வீட்டை விற்றார்கள், வாங்கியவர் இடித்துக் கடை கட்டினார். நிழல் கல்லைப் பெயர்த்தார்கள். இப்போது அது ஹவுழடியில் கால் வைத்து ஏறும் படி. எதிர்த்து யாரும் பேசவில்லை. அப்போது நான் இளம் ஆசிரியன், பொற்காலம் பற்றி மீலாத் மலருக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

எய்சிங்கா தமது பொறியைப் பராமரிக்கும் முறையை எழுதி வைத்தார் என்றேன் அல்லவா? எங்கள் மோதினார் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அவருக்கு எழுத வராது. எழுதத் தெரிந்த நாங்கள் ஒருவரும் அவரிடம் கேட்டு எழுதவும் இல்லை. எனவே இந்தச் சஞ்சிகையில் எழுதுகிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மலருக்கு இப்னு ஸீனாவைப் பற்றி எழுத உட்காரும் முன், உங்கள் ஊரில் தோணி கட்டும் ஓடாவியாரிடமும், நட்சத்திரம் பார்த்துக் கடலுக்குப் போன மீனவரிடமும், முறிவு வைத்தியரிடமும் போய் அமர்ந்து, அவர்கள் செய்வதை எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதி வாருங்கள். அவர்களின் வீட்டையும் கருவியையும் இடிக்க வருகிறவர்கள் நம்மவராக இருந்தாலும், பள்ளி நிர்வாகமாக இருந்தாலும், எதிர்த்துப் பேசுங்கள்.

என் பங்குக்கு, அந்தக் கல்லைத் திருப்பித் தருமாறு நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். படிக்கு வேறு கல் நானே வாங்கித் தருவதாகவும் சொல்லியிருக்கிறேன். மோதினாரின் கோடுகள் அரைவாசி தேய்ந்துவிட்டன. கிடைத்தால் அதைப் பாடசாலை முற்றத்தில் நட்டு, ஒரு வருடம் முழுவதும் பிள்ளைகளைக் கொண்டு உச்சி நிழலைக் குறித்துக் கோடுகளை மீண்டும் செதுக்க வேண்டும். அதை எப்படிச் செய்தோம் என்பதையும் அவர்களைக் கொண்டே எழுதி வைக்க வேண்டும்.