ஞாயித்துக்கிழமை சைக்கிளும் திங்கக்கிழமை ரோடும்

மார்கழி பிறந்துட்டா எங்க ரோட்டுல சைக்கிள் கிளப்காரங்க வர ஆரம்பிச்சிடுவாங்க. திருச்சியிலேருந்து இருட்டோட கிளம்பி, கீரனூர் தாண்டி, நார்த்தாமலை, சித்தன்னவாசல்னு ஒரு சுத்து சுத்திட்டு வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுறாங்க. இருபது முப்பது பேர் இருப்பாங்க. தலையில ஹெல்மெட், உடம்போட ஒட்டின கலர் சட்டை, விரல் தண்டி டயர்.

இவங்களைப் பத்தி டீக்கடையில ரெண்டு பேச்சு ஓடுது. 'வேலவெட்டி இல்லாதவங்க'ன்னு ஒண்ணு. 'ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போறாங்க, டிராக்டர் ஒதுங்க முடியல'ன்னு இன்னொண்ணு. எனக்கு ரெண்டுமே ஒப்பவில்லை. ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு ஏழாம் நாள் நூறு கிலோமீட்டர் மிதிக்கிறவனை வேலையில்லாதவன்னு எப்படிச் சொல்றது? ரெண்டு ரெண்டு பேரா ஒட்டிப் போறதுலயும் ஒரு கணக்கு இருக்கு. முன்னால போறவர் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போக, பின்னால வர்றவருக்கு மிதி லேசாகும். கொஞ்ச தூரத்துல முன்னவர் ஒதுங்கிப் பின்னால வந்துடுவார். கம்மாய்த் தண்ணிக்கு முறை வைக்கிறோமே, அதே மாதிரிதான். ஒத்தையடி தார் ரோட்டுல மட்டும் ஒரே வரிசையாப் போனா நல்லது. தை, மாசியில ரோட்டுல கொள்ளுச் செடி பரப்பிக் கிடக்கும், அந்த டயர் அதுல வழுக்கும். களம் இல்லாத ஊர்ல ரோடுதான் களம், எங்களைத் திட்டாம இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க. என் குறை அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேற. இந்த மாவட்டத்துக்கு சைக்கிள் புதுசு இல்ல. 1991-92ல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்போ, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோட சைக்கிளும் பொம்பளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வெச்சாங்க. லட்சத்துக்கும் மேல பெண்கள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஆம்பள சைக்கிள்லயே சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஏறினாங்க. முன் பார்ல பிள்ளையை உக்கார வெச்சுக்கலாம்னு அதையே பிடிச்சுப்போனவங்களும் உண்டு. கூலி வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்குன்னு புருஷனையும் பஸ்ஸையும் எதிர்பார்க்காமப் போனாங்க. கேலி பேசாத ஆள் இல்ல. அவங்க நிறுத்தலையே!

அப்படி ஓட்டினவங்கதான் இன்னைக்கு எங்க தெருவுல பாட்டிகளா இருக்காங்க. அவங்க பேத்திங்க பிளஸ் ஒன் சேர்ந்தா அரசாங்கம் சைக்கிள் கொடுக்குது. அதுல மூணு சைக்கிள் எங்க தெரு மாட்டுக் கொட்டகைங்கள்ல சாஞ்சு கிடக்கு. பொண்ணுங்களுக்கு ஓட்டத் தெரியும், ஆசையும் இருக்கு. பாட்டிதான் விடமாட்டேங்குது. பாட்டிக்குப் பயம் ஊர்ப்பேச்சு மேல இல்ல, டிப்பர் லாரி மேல.

கல் குவாரி லாரிங்க. காலையில எட்டு மணிக்கு மேல பாருங்க, ஜல்லி ஏத்தினது ஒண்ணு, எம் சாண்ட் ஏத்தினது ஒண்ணுன்னு வரிசையா வரும். தார்ப்பாய் மூடாம வர்றதுலேருந்து தூசி கண்ணுல விழும். எதிர்ல ஒரு மினி பஸ் வந்துட்டா சைக்கிள்ல போற பிள்ளை மண்ணுல இறங்கித்தான் ஆகணும். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவுல அரை அடி பள்ளம். அதுல டயர் இறங்கினா எந்தப் பக்கம் சாயும்னு சொல்ல முடியாது. இதையெல்லாம் பார்க்கிற கிழவி எப்படி அனுப்பும்?

கிளப்காரங்க இதைப் பார்த்ததே இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்சது ஞாயித்துக்கிழமை ஆறு மணி ரோடு. பனி, மயில், கம்மாய்ல நாரை. போட்டோவுல எங்க ஊர் ரொம்ப அழகா இருக்கு, எனக்கே சந்தோஷம்தான். ஆனா அந்த ரோடு வாரத்துல நாலு மணி நேரம்தான் இருக்குது. மிச்ச நேரமெல்லாம் லாரி ரோடுதான்.

அதனால கேக்குறேன், ஒரே ஒரு திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வாங்க. எட்டரை மணிக்கு எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட சேர்ந்து மிதிங்க. பிள்ளைங்க நடுவுல, நீங்க வலப்பக்கம், லாரி வர்ற பக்கம். முப்பது ஹெல்மெட்டைப் பார்த்தா டிரைவர் தானா பிரேக்ல கால் வைப்பார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு அப்படியே புதுக்கோட்டைக்கு விடுவோம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள். நகரங்கள்ல பள்ளிக்கூட நேரத்துல லாரிக்குத் தடை போடுறாங்களே, அதை இங்கேயும் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் போடச் சொல்லி மனு கொடுப்போம். ரோட்டோரப் பள்ளத்துக்கு மண் கொட்டி இறுக்கச் சொல்லியும் ஒண்ணு. நாங்க வேட்டியோட போய் நின்னா நூத்துல ஒரு மனு. நீங்க அந்தச் சட்டையோட வந்து நின்னா யாராவது ரெண்டு பேர் என்னன்னு கேப்பாங்க.

பாட்டிங்கள்ல ரெண்டு பேர் கூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு ஆம்பள சைக்கிள்தான் வேணுமாம், பழக்கம் அதுலதானாம். பங்க்சர் கடையில ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். இன்னொண்ணு தேடணும்.