தூர்வாருமுன் ஒரு குழாய்

கரையேறும் சுனாமி, கடலடி மணலை வாரி வந்து, வேகம் தளருமிடத்தில் முதலில் பருமணலையும் அதன்மேல் நுண்மணலையும் படியவிடுகிறது. பின்வாங்கும் நீர் அதில் ஒரு பகுதியை மீண்டும் அரித்துச் செல்கிறது. திறந்த கடற்கரையில் விரைவில் கலைந்துவிடும் இப்படிவு, புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு போன்ற அலையாத்திக் கழிமுகங்களின், அதாவது ஆறு கடலில் கலக்குமிடங்களின், சேற்றில் புதைந்தால் நெடுங்காலம் நிலைக்கக்கூடும். 2004 பேரலைக்குப் பின் தாய்லாந்தின் பிரா தோங் தீவில் கண்டறியப்பட்ட மணலடுக்குகள், ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்னரும் அத்தகைய சுனாமி வந்ததைக் காட்டிக்கொடுத்தன. புயலும் மணலைக் கொட்டும் என்பதால் (2011இன் தானே புயலைப் புதுச்சேரி மறந்திராது) இரண்டையும் பிரித்தறிவது கடினமே. எனினும், தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குத் தூர்வாருவது தவிர்க்க இயலாத நிலையில், அதற்குமுன் குழாய் இறக்கிச் சேற்றின் அடுக்கு மாதிரிகளை எடுத்து வைப்பதைக் கட்டாயமாக்குவதே முறை.