கலத்தின் வாய்

"பட்டையில குடிங்க தம்பி, அதுலதான் மணக்கும்" என்றார் பதநீர் விற்ற பெரியவர். மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், காலை ஏழு மணி. சாலைக்கு அந்தப் பக்கம் உப்பளத்தில் பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ருசிக்கும் என்று சொல்லாமல் மணக்கும் என்றாரே, அந்தச் சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரே பானையிலிருந்து பிளாஸ்டிக் டம்ளரில் ஒன்று, ஓலைப் பட்டையில் ஒன்று என்று இரண்டு வாங்கினேன்.

டம்ளரில் இருந்தது இனித்தது, அவ்வளவுதான். பட்டை அப்படியில்லை. படகு மாதிரி மடிந்த ஓலையை இரண்டு கையாலும் ஏந்தி வாயை வைத்தால், மூக்கு தானாகவே இரண்டு ஓலைச் சுவர்களுக்கு நடுவே போய்விடுகிறது. பச்சை ஓலையின் வாசம், சுண்ணாம்பின் லேசான நெடி, பாளையின் மணம் எல்லாம் அந்தச் சின்ன இடுக்கில் தங்கி நிற்கின்றன. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்ற கைவிரல் கணக்குதான். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. முகரும்போது ஒருமுறை, விழுங்கியபின் தொண்டை வழியாக மேலேறி இன்னொருமுறை, இரண்டு வாசலாலும் மணம் உள்ளே வருகிறது. சளி பிடித்த நாளில் ரசம் வெந்நீராகிப்போவது இதனால்தான்.

ஒயின் குடிக்கும் நாடுகளில் இதை ஒரு சாத்திரமாகவே வளர்த்திருக்கிறார்கள். வயிறு பருத்து, வாய் சுருங்கி, அடியில் காம்பு வைத்த கிண்ணம். ஒயினைச் சுவைத்துத் தரம் பார்ப்பதற்கென்று 1977-இல் வகுத்த சர்வதேசத் தரக் கிண்ணமும் இந்த வடிவம்தான். 215 மில்லி கொள்ளும். ஊற்றுவதோ 50 மில்லிதான். மிச்ச இடம் மணத்துக்கு. ஆஸ்திரியாவின் கண்ணாடிக் கலைஞர் கிளவுஸ் ரீடல் 1973-இல் ஒவ்வொரு வகை ஒயினுக்கும் தனிக் கிண்ணம் என்று ஒரு வரிசையையே கொண்டுவந்தார். கிண்ணத்தின் வாய்தான் மதுவை நாக்கின் இன்ன இடத்தில் விழச் செய்கிறது என்ற விளக்கமும் கூடவே பரவியது. நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் நாம் படம் வரைந்தோமே, அந்த நம்பிக்கைதான். அது தவறு, நாக்கு முழுவதும் எல்லாச் சுவையும் தெரியும்.

ஆனால் கிண்ணத்தின் வடிவத்தில் விஷயம் இருக்கிறது. தோக்கியோவில் கோஜி மிட்சுபயாஷியின் ஆய்வுக் குழு 2015-இல் அதைக் கண்ணாலேயே பார்க்க வைத்தது. ஆல்கஹால் ஆவி பட்டால் ஒளிரும் நொதி தடவிய வலையைக் கிண்ணத்தின் வாய்மேல் வைத்துப் படம் எடுத்தார்கள். 13 டிகிரிக் குளிரில், ஒயின் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஆவி ஒரு வளையமாக எழுந்தது. நடுவில் ஆவி குறைவு. அங்கே மூக்கை வைத்தால் சாராய நெடி குத்தாமல் பழத்தின் மணம் வரும். நேரான டம்ளரிலும் அகன்ற மார்ட்டினி கிண்ணத்திலும் அந்த வளையம் இல்லை. ஒயினை 25 டிகிரிக்குச் சூடாக்கியபோது ஒயின் கிண்ணத்திலும் இல்லை. குளிர்ச்சியும் வேண்டும், வடிவமும் வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்துவதை நக்கீரர் பாடுகிறார். அந்த மதுவைப் பற்றி அவர் சொல்வது இரண்டே குணங்கள்: குளிர்ச்சி, மணம். அது யவனரின் கலத்தில் வந்ததாம். கலம் என்றால் கப்பல். கலம் என்றால் பாத்திரமும்தான். உரைகாரர்கள் எதைக் கொண்டாலும் எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கிறது.

அந்தக் கலங்களின் உடைந்த துண்டுகள் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே அரிக்கமேட்டில் கிடைத்தன. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இரண்டு காது, ஒடுங்கிய கழுத்து, கூர்ந்த அடி கொண்ட ஆம்போரா சாடிகள். அவற்றில் கிரேக்கக் கோஸ் தீவின் பாணியில் செய்தவையும் உண்டு. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். ரோமானியரான கேட்டோ அதன் பக்குவத்தையே எழுதிவைத்திருக்கிறார். பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்லும் சோபட்மா துறை மரக்காணம்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் உப்பு விளையும் இந்தக் கரையோரமாக உப்புக் கரிக்கும் மதுவும் போயிருக்கலாம். அதை இங்கே யாராவது முகர்ந்து பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வெகுநேரம் அளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாமோ நம் வீடுகளில் அண்ணாந்து குடிக்கிறோம். எச்சில் படாத சுத்தம் நல்லதுதான். ஆனால் காப்பி அப்படித் தொண்டையில் விழும்போது மூக்கு டம்ளருக்கு அருகிலேயே வருவதில்லை. பாதி மணம் காற்றோடு போகிறது. வீட்டில் அவரவர் டம்ளர் அவரவருக்கு என்று வைத்துக்கொண்டு, வாய் வைத்து ஒருமுறை குடித்துப் பாருங்கள்.

மரக்காணத்தில் நின்று குடிப்பதைப் பற்றி எழுதிவிட்டு, அதை அடுத்த எக்கியார்குப்பத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 2023 மே மாதம் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அங்கே பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. உழைத்துக் களைத்து வந்தவர்கள். மெத்தனாலுக்கும் குடிக்கும் சாராயத்துக்கும் வாடை ஏறக்குறைய ஒன்றே. கலந்துவிட்டால் எந்தக் கிண்ணத்தில் ஊற்றினாலும், எவ்வளவு தேர்ந்த மூக்காலும் பிரித்தறிய முடியாது. அதை ஆய்வுக்கூடத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். விற்றவனைத் தடுத்திருக்க வேண்டியது சட்டம். அந்த வீடுகளில் இருந்தவர்களிடம் போய், முகர்ந்து பார்த்திருக்கலாமே என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது.