அபராதம் அல்ல, அட்டவணை

முன்பதிவு செய்த நோயாளி வராமல் போவது பொறுப்பின்மை, அபராதம் போட்டால் திருந்துவார் என்பது பிரிட்டனில் அடிக்கடி எழும் வாதம். 2022-இல் ரிஷி சுனக் 10 பவுண்டு அபராதத்தை முன்மொழிந்தார், பிரதமரானதும் கைவிட்டார். பழி போடவேண்டிய இடம் வேறு. மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தால், அதற்குள் காய்ச்சல் இறங்கிவிடும், வேலை நேரம் மாறிவிடும், தேதியே மறந்துபோகும். ரத்து செய்ய நினைப்பவருக்கோ மருத்துவமனைத் தொலைபேசி கிடைப்பதில்லை. குறுஞ்செய்தி நினைவூட்டல் வருகையைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனத்தில் மார்க் மரேயும் கேத்தரின் டான்டாவும் 1990-களில் தேங்கிய பதிவுகளைத் தீர்த்து, அழைத்த அன்றே பார்க்கும் முறையைக் கொண்டுவந்தனர். 55 நாள் காத்திருப்பு ஒரு நாளாகச் சுருங்கியது. தேவைக்கேற்ற மருத்துவர்கள் இல்லாத இடத்தில் இம்முறையும் நிற்காது என்பது உண்மை. ஆனால் அபராதம் காத்திருப்பை ஒரு நாள்கூடக் குறைக்காது. ஏழையை மருத்துவரிடமிருந்து விலக்கி வைக்க மட்டுமே உதவும்.